ஊசி குத்திவிட்டால் யாரிடம் சொல்வது?

கன்னியாகுமரி மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில் இருக்கிறது அஞ்சுகிராமம். ஒரு பக்கம் நாகர்கோவில், மறுபக்கம் கூடங்குளம். பேரூராட்சி எல்லையைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் திருநெல்வேலி மாவட்டம் வந்துவிடும். ஆபத்தைப் பற்றிப் பேசுவது இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. 2011, 2012-ல் கூடங்குளம் அணு உலையை எதிர்த்து நடந்த இடிந்தகரைப் போராட்டம் உச்சத்தில் இருந்த நாள்களில், அணு உலையைச் சுற்றி 16 கிலோமீட்டர் அவசரகாலத் திட்ட வட்டத்துக்குள் எந்தெந்த ஊர் வரும், கசிவு என்று ஒன்று நடந்தால் எந்தப் பக்கம் போவது, காற்று எந்தத் திசையில் அடிக்கிறது என்பதெல்லாம் இங்கே அன்றாடப் பேச்சாக இருந்தது.

விடிந்ததும் வெறும் வயிற்றோடு போய் உட்காருகிறோமே, அந்த ரத்தப் பரிசோதனை லேப்பைப் பற்றி யாரும் இப்படிப் பேசுவதில்லை. கிருமி ஆபத்து என்றதும் நம் மனதில் வருவது வூஹானோ, விண்வெளி உடை மாதிரி உடையணிந்த விஞ்ஞானிகளோதான். கிருமியை அன்றாடம் கையாளும் பெரும்பாலான கைகள் அங்கே இல்லை. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, மருந்துக்கடைக்குப் பக்கத்தில், ஒரு ஷட்டர் கடை அளவுள்ள அறையில் இருக்கின்றன.

சிறு ஊர் லேப் எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். முன்னால் நாலைந்து பிளாஸ்டிக் நாற்காலி, பில் போட ஒரு மேசை. தடுப்புக்குப் பின்னால் ஒரு பிரிட்ஜ், மைக்ராஸ்கோப், சர்க்கரையும் கொழுப்பும் பார்க்கிற அனலைசர், ரத்தத்தைச் சுழற்றி சீரத்தைப் பிரிக்கிற சென்ட்ரிஃபியூஜ். டி.எம்.எல்.டி. என்ற லேப் டெக்னீஷியன் பட்டயப் படிப்பு முடித்த ஒரு பெண்ணோ இளைஞரோ வரிசையாக ரத்தம் எடுக்கிறார். சிறுநீர், மலம், சளி என்று மற்ற மாதிரிகளும் அதே மேசைக்கு வருகின்றன. எந்தக் குழாயில் என்ன நோய் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. அதைக் கண்டுபிடிக்கத்தானே அவை அவரிடம் வருகின்றன? டாக்டருக்கு நோயின் பெயர் தெரிவதற்கு முன்பே, அந்தக் கிருமி இவர் கை வழியாகப் போய்விடுகிறது.

ரத்தம் எடுத்து முடித்த ஊசிக்கு மறுபடி மூடி மாட்டுவது ஒரு நொடி வேலை. ஊசி குத்து பல நேரம் நடப்பது அந்த ஒரு நொடியில்தான். அதனால்தான் மூடி மாட்டவே கூடாது, அப்படியே ஊசி வெட்டும் கருவியில் விட வேண்டும் என்பது விதி. மீறிக் குத்திவிட்டால் என்ன ஆகும்? அந்த ரத்தத்தில் ஹெபடைட்டிஸ் பி வைரஸ் இருந்து, குத்துப்பட்டவர் தடுப்பூசி போடாதவராக இருந்தால், தொற்றுவதற்கான வாய்ப்பு நூற்றுக்கு 30 வரை போகும். ஹெபடைட்டிஸ் சி என்றால் நூற்றுக்குச் சுமார் 3. எச்.ஐ.வி. என்றால் 0.3, அதாவது ஆயிரத்துக்கு மூன்று. மக்கள் நடுங்குவது கடைசியில் உள்ளதைப் பார்த்து. கூடுதலாகத் தாக்கக்கூடியது முதலில் உள்ளது. அதற்குத் தடுப்பூசி இருக்கிறது. முதல் நாள், ஒரு மாதம், ஆறு மாதம் என மூன்றே தவணை. தினமும் ஊசியோடு புழங்கும் எத்தனை பேர் மூன்றாவது தவணையையும் முடித்திருக்கிறார்கள் என்ற கேள்வியை ஒவ்வொரு லேப் உரிமையாளரும் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சென்ட்ரிஃபியூஜ் விஷயம் இன்னும் நுட்பமானது. நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்றில் ஓடும் இயந்திரத்துக்குள் ஒரு குழாய் உடைந்தால் ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். உடனே மூடியைத் திறந்து பார்க்கத்தான் யாருக்கும் கை போகும். அப்படித் திறந்தால், உள்ளே கண்ணுக்குத் தெரியாத துளிகளாக மிதந்துகொண்டிருக்கும் ரத்தம் முகத்துக்கு நேரே வரும். இயந்திரத்தை நிறுத்தி, மூடியைத் திறக்காமல், துளிகள் அடங்க 30 நிமிடம் விட்டுவிட வேண்டும். வெளியே பத்துப் பேர் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்கும்போது அரை மணி நேரம் சும்மா நிற்பதற்கு மனத்திடம் வேண்டும். அதைவிட, ‘நில்’ என்று சொல்லும் முதலாளி வேண்டும்.

காசநோய்ச் சளி காற்று வழியே வரும் ஆபத்து. சளியை ஸ்லைடில் தடவும்போதும், தடவிய கம்பி வளையத்தை ஈரத்தோடு நெருப்பில் காட்டும்போதும் தெறிக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையங்கள்வரை வந்துவிட்ட ட்ரூநாட் சோதனையில் சளியோடு முதலிலேயே ஒரு திரவத்தைச் சேர்த்துவிடுவதால் ஆபத்து வெகுவாகக் குறைகிறது. என்றாலும் டப்பாவின் மூடியைத் திறக்கும் அந்த முதல் கணம் பழையபடியே இருக்கிறது. காற்றோட்டமான இடமும் என்-95 முகக்கவசமும் அந்தக் கணத்துக்காகத்தான்.

வீட்டு பிரிட்ஜில் இருந்த எச்.ஐ.வி.

இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பதை முதலில் கண்டுபிடித்தது தமிழ்நாடு. அந்தக் கண்டுபிடிப்பு எந்த நிலைமையில் நடந்தது என்பது மருத்துவ உலகத்துக்கு வெளியே அதிகம் பேசப்படாத கதை.

1985-ன் இறுதி. சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் படித்துக்கொண்டிருந்த செல்லப்பன் நிர்மலாவுக்கு 32 வயது. ஆய்வேட்டுக்கு எச்.ஐ.வி.யை எடுத்துக்கொள்ளும்படி பேராசிரியர் சுனிதி சாலமன் சொன்னார். அந்த நோய் அமெரிக்காவோடு நின்றுவிடும், நம் ஊருக்கு வராது என்று பலரும் நம்பிய காலம் அது. நிர்மலா காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த பாலியல் தொழிலாளிகளைச் சந்தித்துப் பேசி, மூன்று மாதத்தில் எண்பதுக்கும் மேற்பட்டவர்களிடம் ரத்தம் எடுத்தார். கையுறை இல்லை. பாதுகாப்புக் கருவி எதுவுமே இல்லை. எதற்கான சோதனை என்பது அந்தப் பெண்களுக்கும் சொல்லப்படவில்லை. சிறிய ஏற்பாடு ஒன்றில் சீரத்தைப் பிரித்தார்கள். வைக்க வேறு இடம் இல்லாததால், அந்த மாதிரிகள் நிர்மலாவின் வீட்டு பிரிட்ஜில் இருந்தன.

எச்.ஐ.வி.யைக் கண்டறியும் எலிசா சோதனை வசதி சென்னையில் இல்லை. 1986 பிப்ரவரியில் நிர்மலாவும் கணவர் வீரப்பன் ராமமூர்த்தியும் மாதிரிகளை ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு இரவு ரயிலில் காட்பாடி போனார்கள். வேலூர் சி.எம்.சி.யில் ஜேக்கப் ஜான் தலைமையிலான வைராலஜி துறையில் சோதனை நடந்தது. ஆறு மாதிரிகள் மஞ்சளாக மாறின, அதாவது எச்.ஐ.வி. இருப்பதாகக் காட்டின. பிறகு மறுபடி ரத்தம் எடுத்து அமெரிக்காவுக்கு அனுப்பி உறுதி செய்தார்கள். சுகாதார அமைச்சர் எச்.வி.ஹண்டே சட்டமன்றத்தில் அறிவித்தபோது நாடு அதிர்ந்தது.

அந்தத் துணிச்சலால் ரத்த வங்கிகளில் சோதனை வந்தது. எண்ண முடியாத உயிர்கள் காப்பாற்றப்பட்டன. நிர்மலாவையும் சுனிதி சாலமனையும் தமிழ்நாடு இன்னும் போதுமான அளவு கொண்டாடவில்லை. ஆனால் அதே கதையை இன்னொரு பக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டும். ஓர் இளம் பெண்ணை, நாட்டின் மிக முக்கியமான ஆய்வொன்றுக்கு, ஒரு ஜோடி கையுறைகூடக் கொடுக்காமல் அனுப்பியிருக்கிறோம். அவருக்கு ஒன்றும் ஆகாமல் போனது நம் நல்ல காலம். அந்த நல்ல காலத்தை நம்பித்தான் பல சிறு லேப்கள் இன்றும் ஓடுகின்றன.

கட்டடம் இருந்தும் தப்பவில்லை

வசதி இருந்தால் மட்டும் போதுமா என்றால், போதாது என்று 2003 காட்டியது. சார்ஸ் நோய் அந்த ஆண்டு ஜூலையில் அடங்கிவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அதன்பிறகு அந்த வைரஸ் மனிதர்களைத் தொற்றிய முதல் இடம் ஓர் ஆய்வகம். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் 27 வயது ஆராய்ச்சி மாணவர் வேலை செய்தது சார்ஸ் வைரஸோடு அல்ல, வெஸ்ட் நைல் வைரஸோடு. அந்த ஆய்வகத்தில் சார்ஸும் கையாளப்பட்டது. அவருடைய மாதிரியில் சார்ஸ் கலந்திருந்தது. ஆகஸ்ட் கடைசியில் காய்ச்சல், செப்டம்பரில் நோய் உறுதி. நல்லவேளையாக அவரிடமிருந்து வேறு யாருக்கும் பரவவில்லை. சிங்கப்பூர் அரசு அதை மூடி மறைக்காமல் வெளிநாட்டு நிபுணர்களையும் சேர்த்துக் குழு அமைத்தது. ஆய்வக நடைமுறைகள் சரியில்லை என்று குழு எழுதியதை அப்படியே வெளியிட்டது. 2005-ல் உயிரிக் கிருமிகளுக்கென்றே தனிச் சட்டம் கொண்டுவந்தது.

அதே ஆண்டு டிசம்பரில் தைவான். உயர்ந்தபட்சப் பாதுகாப்புள்ள ஆய்வகத்தில் சிந்திய கழிவை ஒரு விஞ்ஞானி அவசரமாகத் துடைத்தார். அதன்பிறகு சிங்கப்பூருக்கு ஒரு மாநாட்டுக்குப் போய்வந்தார். காய்ச்சல் வந்த பிறகும் சில நாள் வீட்டிலேயே இருந்துவிட்டு, பிறகுதான் மருத்துவமனைக்குப் போனார். 2004-ல் பெய்ஜிங்கில் நடந்தது அதைவிட மோசம். சரியாகச் செயலிழக்கச் செய்யாத வைரஸ், செத்துவிட்டது என்ற நம்பிக்கையில் சாதாரண ஆய்வறைக்குக் கொண்டுபோகப்பட்டது. ஒன்பது பேருக்கு நோய் வந்தது. ஆய்வக மாணவி ஒருவரைப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்ட தாய் இறந்துபோனார்.

மூன்று இடங்களிலும் பாதுகாப்பு ஆய்வகம் இருக்கத்தான் செய்தது. சிங்கப்பூரில் தவறியது மாதிரிகளைத் தனித்தனியே வைக்கும் பழக்கம். பெய்ஜிங்கில் தவறியது, செத்ததா என்று சோதித்துப் பார்க்கும் பழக்கம். தைவானில் தவறியது, ‘கொட்டிவிட்டது’ என்று உடனே வாய்விட்டுச் சொல்வது. மூன்றில் கடைசியானதுதான் மிகக் கடினமானது. ஏன் என்பதற்கு நம் நாட்டிலேயே நூற்றிருபது ஆண்டுப் பழைய சாட்சி ஒன்று இருக்கிறது.

1902 அக்டோபர் 30. பஞ்சாபில் முல்கோவால் என்ற ஊரில் 107 பேருக்குப் பிளேக் தடுப்பூசி போட்டார்கள். ஒரே பாட்டிலிலிருந்து ஊசி போட்டுக்கொண்ட 19 பேர் டெட்டனஸ் வந்து இறந்தார்கள். மற்ற பாட்டில்காரர்களுக்கு ஒன்றும் இல்லை. மருந்தைத் தயாரித்தது பம்பாயில் வால்டெமர் ஹாஃப்கின் நடத்திய ஆய்வகம். தயாரிப்பு முறையில் அவர் செய்திருந்த மாற்றம்தான் காரணம் என்று முதல் விசாரணை முடிவு கட்டியது. பதவி போனது, பெயர் கெட்டது. பாட்டிலைத் திறந்த உதவியாளரின் கையிலிருந்து இடுக்கி மண்ணில் விழுந்ததும், அதைச் சரியாகச் சுத்தப்படுத்தாமல் அடைப்பானை எடுக்கப் பயன்படுத்தியதும் பிறகுதான் கவனத்துக்கு வந்தன. 1907-ல் ரொனால்ட் ராஸ் உள்ளிட்ட விஞ்ஞானிகள் லண்டன் ‘டைம்ஸ்’ இதழில் எழுதிய பிறகே ஹாஃப்கின் மீதிருந்த பழி நீங்கியது. 1925-ல் அந்த ஆய்வகத்துக்கே அவர் பெயரை வைத்தார்கள். என்ன நடந்தது என்று கேட்பதற்கு முன்பே யாரைத் தூக்குவது என்று தேடினால், இடுக்கி கீழே விழுந்ததை எந்த உதவியாளர் வந்து சொல்வார்?

புணே வைரஸ் ஆய்வு மையத்தின் அனுபவமும் இங்கே சேர்த்தி. 1957-ல் ஷிமோகா காட்டுப் பகுதியில் குரங்குகள் செத்து விழுந்தபோது கியாசனூர் காட்டுக் காய்ச்சல் வைரஸை அடையாளம் கண்டவர்கள் அவர்கள். அந்த வைரஸ் ஆய்வக ஊழியர்களையும் விட்டுவைக்கவில்லை. அடுத்தடுத்துப் பலருக்குத் தொற்றியதால் ஒரு கட்டத்தில் அந்த வைரஸோடு நேரடியாக வேலை செய்வதையே அங்கே நிறுத்த வேண்டி வந்தது. பி.எஸ்.எல்.-4 எனப்படும் நான்காம் நிலைப் பாதுகாப்பு ஆய்வகம் அதே நிறுவனத்தில் திறக்கப்பட்டது 2012 டிசம்பரில். 2018-ல் பக்கத்து மாநிலமான கேரளத்தில் நிபா பரவி 17 பேர் இறந்தபோது அந்த ஆய்வகம் எவ்வளவு அவசியம் என்பது எல்லோருக்கும் புரிந்தது.

அறையைப் பார்க்காதே, வேலையைப் பார்

நெடுங்காலமாக உலகம் ஆய்வகங்களை ஒன்று முதல் நான்கு வரை நிலை பிரித்து, இந்தக் கிருமிக்கு இந்த அறை என்று பட்டியல் போட்டு வைத்திருந்தது. 2020-ல் வந்த உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வகப் பாதுகாப்புக் கையேட்டின் நான்காம் பதிப்பு அந்தப் பட்டியல் மனநிலையிலிருந்து விலகியது. இந்த மாதிரியை வைத்து இன்று என்ன செய்யப் போகிறோம், எந்தக் கட்டத்தில் தெறிக்கும், யார் செய்கிறார், அவருக்குப் பயிற்சி உண்டா, தடுப்பூசி உண்டா என்று வேலையை வைத்து ஆபத்தை எடைபோடச் சொன்னது. சிறு ஊர் லேப்புக்கு இது பெரிய வரம். கோடி ரூபாய்க் கட்டடம் இல்லாதவர்களும் செய்யக்கூடிய காரியம் இது.

கொரோனா காலத்தில் இதைக் கண்ணால் பார்த்தோம். ஆசாரிப்பள்ளத்தில் உள்ள கன்னியாகுமரி அரசு மருத்துவக் கல்லூரியில் 2020-ல் ஆர்.டி.பி.சி.ஆர். சோதனை தொடங்கியது. மூக்கில் எடுத்த பஞ்சுக்குச்சியைக் குழாயில் போட்டு, அதைக் கசியாத இரண்டாவது உறைக்குள் வைத்து, சுற்றிலும் உறிஞ்சும் பஞ்சு வைத்து, மூன்றாவதாகக் கெட்டியான பெட்டியில் ஐஸோடு அடைத்து அனுப்ப வேண்டும். இந்த மூன்றடுக்குக் கட்டு முறை ஆரம்ப சுகாதார நிலைய ஊழியர்வரை எல்லோருக்கும் சில வாரங்களில் பழகிவிட்டது. கற்றுக்கொடுக்க ஆளும், செய்து பார்க்கக் காரணமும் இருந்தால் நம் ஊழியர்கள் எதையும் பிடித்துக்கொள்வார்கள். கொரோனா போன பிறகு, சாதாரண ரத்த மாதிரிக் குழாய்கள் பிளாஸ்டிக் கவரில் பைக் ஹேண்டிலில் தொங்கிக்கொண்டு கலெக்‌ஷன் சென்டரிலிருந்து நகரத்து லேப்புக்குப் போகும் காட்சி திரும்பி வந்துவிட்டதுதான் வருத்தம்.

கழிவுக்கு வருவோம். 2024 டிசம்பரில் நெல்லை மாவட்டம் நடுக்கல்லூர், கோடகநல்லூர் பகுதிகளில் கேரள மருத்துவமனைகளின் கழிவு மூட்டை மூட்டையாகக் கிடந்தது. நோயாளிகளின் பெயர் உள்ள காகிதங்கள்கூட அதில் இருந்தன. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தலையிட்டு, மூன்று நாளில் எடுத்துப் போகும்படி கேரளத்துக்கு உத்தரவிட்டது. டிசம்பர் 22-ல் லாரிகள் வந்து அள்ளிக்கொண்டு போயின. இப்படிக் கொட்டுகிறவர்களைத் தடுப்புக் காவலில் வைக்க வழிசெய்யும் சட்டத் திருத்த மசோதா 2025 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றத்துக்கு வந்தது. களியக்காவிளைச் சோதனைச் சாவடியில் கேரள லாரியை மடக்குவது தேவைதான். அந்தக் கோபம் முழுக்க நியாயமானது. அதே கோபத்தில் கொஞ்சத்தை நம் ஊர் லேப்பின் பின்வாசலுக்கும் ஒதுக்க வேண்டும்.

2016-ன் உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் பெரிய மருத்துவமனைக்கு மட்டும் உரியவை அல்ல. ரத்தப் பரிசோதனை நிலையத்துக்கும் அவை பொருந்தும். ஊசி, குத்தினாலும் ஓட்டை விழாத வெள்ளை டப்பாவுக்கு. சிரிஞ்சும் பிளாஸ்டிக் குழாயும் சிவப்புப் பைக்கு. கண்ணாடி நீல நிறத்துக்கு. ரத்த மாதிரியும் கல்ச்சர் தட்டும் மஞ்சளுக்கு. அதுவும் லேப்பிலேயே ஆட்டோகிளேவ் மாதிரியான முறையில் கிருமியைக் கொன்ற பிறகு. ரத்தம் தோய்ந்த கழிவைச் சுத்திகரிக்காமல் பொதுவாக 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. மேசை துடைக்கும் ஹைப்போகுளோரைட் கரைசலை அன்றன்றைக்குப் புதிதாகக் கலக்க வேண்டும். திங்கள்கிழமை கலக்கியதை வியாழக்கிழமை ஊற்றினால் வாடை இருக்கும், வீரியம் இருக்காது. சீனாவின் லான்சோ நகரில் 2019-ல் கால்நடைத் தடுப்பூசித் தொழிற்சாலை ஒன்று காலாவதியான கிருமிநாசினியைப் பயன்படுத்தியதில், கழிவுக் காற்றோடு புரூசெல்லா கிருமி வெளியேறியது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோருக்குத் தொற்று உறுதியானது. அத்தனைக்கும் காரணம் ஒரு காலாவதித் தேதி.

அதே 2016 விதிகளில் அதிகம் யாரும் படிக்காத வரிகள் உண்டு. கழிவைக் கையாளும் ஒவ்வொரு ஊழியருக்கும் ஹெபடைட்டிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசி போடுவது நிறுவனத்தின் கடமை. ஆண்டுதோறும் பயிற்சி தருவது கடமை. விபத்து நடந்தால் பதிவு செய்வது கடமை. கையில் குத்திய ஊசியைப் பற்றி முதலாளியிடம் சொன்னால் ‘கவனமாக இருக்கத் தெரியாதா?’ என்ற பேச்சு வரும், வேலையே போய்விடலாம் என்று பயந்து, பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிடும் டெக்னீஷியனின் பக்கம் சட்டம் நிற்கிறது. அது அவருக்கே தெரியாது.

குத்திவிட்டால் செய்ய வேண்டியது சிக்கலானதே அல்ல. சோப்பும் ஓடும் தண்ணீரும் போட்டுக் கழுவ வேண்டும். காயத்தைப் பிதுக்கக் கூடாது, பிளீச்சிங் கரைசலை ஊற்றக் கூடாது. யாருடைய ரத்தம் என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். எச்.ஐ.வி. ஆபத்து இருந்தால் 28 நாள் சாப்பிட வேண்டிய தடுப்பு மாத்திரையை முடிந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். 72 மணி நேரம் தாண்டினால் பலன் இல்லை. அஞ்சுகிராமத்திலிருந்து நாகர்கோவில் பஸ் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குள் ஆசாரிப்பள்ளம் போய்ச் சேர்ந்துவிடலாம். தூரம் ஒரு தடையே இல்லை. இரவு எட்டு மணிக்குக் குத்தினால் எந்த எண்ணுக்கு அழைப்பது, மருத்துவமனையில் எந்த வாசலில் போய் நிற்பது, பெயர் வெளியே வராமல் இருக்குமா, அன்றைய சம்பளம் பிடிப்பார்களா என்பதுதான் அந்த டெக்னீஷியனின் கேள்வி. மாவட்டச் சுகாதாரத் துறை ஒரு தொலைபேசி எண்ணை அறிவித்து, பதிவு பெற்ற ஒவ்வொரு லேப்பின் உள்சுவரிலும் அதை ஒட்டச் சொன்னால் பாதிக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும். மீதிப் பாதி லேப் உரிமையாளர் கையில் இருக்கிறது: ஒரு நாற்பது பக்க நோட்டு, அதில் தேதி, நேரம், என்ன நடந்தது என்று மூன்று கட்டம், எழுதியவரைத் திட்டமாட்டோம் என்ற வாக்குறுதி. இதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.